'பெட்டியில் லினக்ஸ் என்று போட்டிருந்ததே, ஐயா!'

போன முறை 'பழைய கணினியைத் தூக்கிப் போடாதீர்கள், லினக்ஸ் போட்டுப் பாருங்கள்' என்று எழுதிய வினை, வந்த கடிதங்களில் பெரும்பாலானவை யூஎஸ்பி வைஃபை டாங்கிள் (துளையில் செருகினால் வைஃபை தரும் குட்டிக் கருவி) பற்றியவை. லினக்ஸ் என்பது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் இலவச இயங்குதளம். சுருக்கித் தந்திருக்கிறேன்.

கேள்வி: தம்பிக்கு அரசு கொடுத்த பழைய லேப்டாப்பில் உள்ளே இருந்த வைஃபை செத்துவிட்டது. லினக்ஸ் மின்ட் போட்டு, 'லினக்ஸ் சப்போர்ட்' என்று அச்சிட்ட டாங்கிள் ஒன்றை ஆன்லைனில் வாங்கினேன். செருகினால் ஒன்றும் நடக்கவில்லை. விற்றவர் 'டிரைவர் சிடியில் இருக்கிறது, திருப்பி எடுக்க முடியாது' என்கிறார். சிடி டிரைவ் எப்போதோ பழுதாகிவிட்டது. (வாசகி, விருதுநகர்)

பதில்: உங்கள் மேல் ஒரு தப்பும் இல்லையம்மா. பெட்டியில் போட்டிருப்பதை நம்பித்தான் எல்லோரும் வாங்குகிறோம். அந்த சிடியைப் போட்டிருந்தாலும் பெரும்பாலும் பயன் இருந்திருக்காது. டிரைவர் என்பது கருவியைக் கணினியோடு பேசவைக்கும் நிரல், கெர்னல் என்பது லினக்ஸின் மையப் பகுதி. இப்படிப்பட்ட சிடிகளில் கெர்னல் 2.6, 3 காலத்து டிரைவர் மூலநிரல்தான் கிடக்கும். இன்றைய மின்டில் ஓடுவது 6. கெர்னலின் உள்ளமைப்பு மாறிக்கொண்டே இருப்பதால் பழைய நிரல் கம்பைல் ஆகாமல் (ஓடும் வடிவத்துக்கு மாறாமல்) பாதியில் நிற்கும். என்றைக்கோ ஓடியதை இன்றைக்கும் ஓடும் என்று விற்கிறார்கள்.

திருப்பிக் கொடுக்க உங்களுக்கு உரிமை உண்டு. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்தின்படி, விற்பவர் சொன்ன தரத்தில் பொருள் இல்லையென்றால் அதுவும் குறைபாடுதான். குறைபாடுள்ள பொருளை பில்லில் சொன்ன கெடுவுக்குள், கெடு எதுவும் போடவில்லை என்றால் 30 நாளுக்குள், திரும்ப எடுத்துப் பணம் தர மறுப்பது முறையற்ற வணிகம். பெட்டியைப் படம் எடுங்கள். விற்பனைப் பக்கத்தையும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், நாளைக்கே வாசகத்தை மாற்றிவிடுவார்கள். முதலில் 1915-க்குப் பேசுங்கள். நடக்காவிட்டால் உங்கள் மாவட்ட நுகர்வோர் ஆணையம். விற்றவர் எந்த ஊரில் இருந்தாலும் நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே போடலாம், 5 லட்சம் வரை கட்டணம் கிடையாது.

அதுவரை தம்பி சும்மா இருக்க வேண்டாம். ஆண்ட்ராய்டு போனை வீட்டு வைஃபையில் இணைத்து, சார்ஜர் கேபிளால் லேப்டாப்பில் செருகி, 'யூஎஸ்பி டெதரிங்' போடச் சொல்லுங்கள். பெரும்பாலான போன்கள் வைஃபையை அப்படியே கேபிள் வழியாகக் கொடுக்கும். லினக்ஸ் அதை ஒரு நெட்வொர்க் கார்டாக எடுத்துக்கொள்ளும், தனி டிரைவர் வேண்டாம். மொபைல் டேட்டாவும் செலவாகாது.

கேள்வி: 1200 எம்பிபிஎஸ் என்று வாங்கிய டாங்கிளில் 200-ஐத் தாண்டவே இல்லை. மோசடிதானே? (கோவை)

பதில்: பாதி மோசடி. 2.4 கிகாஹெர்ட்ஸில் 300, 5 கிகாஹெர்ட்ஸில் 867, இரண்டையும் கூட்டி மேலே கொஞ்சம் தூக்கினால் 1200. டாங்கிள் ஒரு நேரத்தில் ஒன்றில்தான் இணையும். யூஎஸ்பி 2 துளையில் செருகியிருந்தால் காகிதத்திலேயே 480-தான் உச்சம். ஆனால் உங்கள் இணையத் திட்டம் எத்தனை எம்பிபிஎஸ் என்று ஏன் எழுதவில்லை? 200 எம்பிபிஎஸ் திட்டத்துக்குப் பணம் கட்டிவிட்டு டாங்கிளைத் திட்டுகிறீர்களோ என்று சந்தேகமாக இருக்கிறது.

கேள்வி: அக்கம்பக்கத்து வைஃபையின் பாஸ்வேர்டைக் கண்டுபிடிக்க உதவும் டாங்கிள் எது?

பதில்: கதவைத் தட்டிக் கேளுங்கள்.

கேள்வி: நண்பன் வைத்திருக்கும் அதே கம்பெனி, அதே மாடல் எண். அவனுடைய லினக்ஸில் செருகியதும் வேலை செய்கிறது. என்னுடையது செய்யவில்லை. என் கணினியில் கோளாறா? (திருச்சி)

பதில்: இந்தக் கேள்விக்காகத்தான் காத்திருந்தேன். கோளாறு கணினியில் இல்லை, மாடல் எண்ணை நம்பியதில்தான்.

டிபி-லிங்க் டிஎல்-டபிள்யூஎன்722என் என்று ஒரு டாங்கிள். முதல் பதிப்பின் உள்ளே ஏதெராஸ் ஏஆர்9271 சிப். அதற்கான டிரைவர் கெர்னலிலேயே இருக்கிறது, சிப்புக்குள் ஓடும் நிரலான ஃபர்ம்வேர்கூட திறந்த மூலம். லினக்ஸ்காரர்கள் அதைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டாடினார்கள். இரண்டாம் பதிப்பில் ரியல்டெக் 8188இயூஎஸ் சிப்புக்கு மாறிவிட்டார்கள். வேறு சிப் என்றால் வேறு டிரைவர், அதுவும் பல வருடம் தகராறு பிடித்தது. மாடல் பெயர் மட்டும் அதேதான். வித்தியாசம், ஸ்டிக்கரின் மூலையில் பொடி எழுத்தில் இருக்கும் பதிப்பு எண். துவரம்பருப்பு பாக்கெட்டில் கேசரிப்பருப்பைப் போட்டு மூலையில் 'பதிப்பு 2' என்று அச்சடித்தால் விடுவோமா?

சிப்பை மாற்றுவது குற்றமில்லை. பழைய சிப் சம்பாதித்த பேரில் புதியதை விற்பதுதான் எனக்கு ஆகாது. விற்பனைத் தளங்களோ எல்லாப் பதிப்புக்குமான விமர்சனங்களையும் ஒரே பக்கத்தில் குவித்துவிடுகின்றன. 'லினக்ஸில் பிரமாதம்' என்று எவரோ எழுதியது உங்கள் கைக்கு வராத பொருளைப் பற்றி. எந்த நாட்டில் செய்தது என்று ஆன்லைனில் போட்டே ஆகவேண்டும் என விதி இருக்கிறது. எந்தச் சிப் என்று போடச் சொல்ல யாரும் இல்லை.

என் மேசை இழுப்பறையில் இப்படி ஏமாந்த டாங்கிள்கள் ஒரு குவியலே கிடக்கின்றன. அதில் ஒன்று சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. விரல் நீளத்துக்கு ஆன்டெனா. ஒருநாள் பிரித்துப் பார்த்தால் ஆன்டெனாவுக்குப் போகிற கம்பியே இல்லை, வெறும் பிளாஸ்டிக்.

சரி, நீங்கள் செய்யவேண்டியது: கட்டளை அடிக்கும் டெர்மினலில் எல்எஸ்யூஎஸ்பி (lsusb) என்று அடியுங்கள். முக்காற்புள்ளிக்கு (:) இரு பக்கமும் நான்கு நான்காக எழுத்தும் எண்ணும் வரும். பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும், தேட வேண்டியது அதை வைத்துத்தான். புதிதாக வாங்கினால் மீடியாடெக் எம்டி7612யூ, அல்லது வைஃபை 6 வேண்டுமென்றால் எம்டி7921ஏயூ சிப் உள்ளதாகப் பாருங்கள். முதலாவதின் டிரைவர் கெர்னல் 4.19-லிருந்தே உள்ளே இருக்கிறது. சிப் பெயரைச் சொல்ல மறுக்கிற கடையில் வாங்காதீர்கள்.

கேள்வி: செருகினால் வைஃபைக்குப் பதில் சிடி டிரைவ் என்று காட்டுகிறது!

பதில்: விண்டோஸ் டிரைவரைச் சுமந்துகொண்டு சிடி வேஷம் போடுகிறது. 'இஜெக்ட்' கொடுங்கள், பல டாங்கிள்கள் உடனே வேஷத்தைக் கலைத்துவிடும். இல்லாவிட்டால் யூஎஸ்பி-மோட்ஸ்விட்ச் என்ற மென்பொருளை நிறுவுங்கள்.

கேள்வி: நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. உபுண்டு 24.04 என்கிற லினக்ஸ் வைத்திருக்கிறேன். ஆர்டிஎல்8812ஏயூ என்கிற டாங்கிளுக்கு டிரைவர் போட ஒரு பையன் 700 ரூபாய் வாங்கினான். கெர்னல் அப்டேட் வந்ததும் வைஃபை போய்விட்டது. மறுபடி 700. இப்போது 'இனி அப்டேட்டே செய்யாதீர்கள் மேடம்' என்கிறான். (மதுரை)

பதில்: அந்தப் பையனுக்கு இனி ஒரு ரூபாய் கொடுக்காதீர்கள். வெளியிலிருந்து எடுத்த டிரைவரை அன்றைக்கு இருந்த கெர்னலுக்கு மட்டும் கட்டிவிட்டுப் போயிருக்கிறான். டிகேஎம்எஸ் என்ற கருவி வழியாகப் போட்டிருந்தால் புதிய கெர்னல் வரும்போதெல்லாம் அதுவே திரும்பக் கட்டிக்கொள்ள முயலும். தெரியாமல் செய்தானா, தெரிந்தே செய்தானா என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பாதுகாப்புத் திருத்தங்கள் அப்டேட்டில்தான் வருகின்றன. வங்கிக் கணக்கு பார்க்கிற கணினியில் அதை நிறுத்தச் சொல்வது அநியாயம்.

நல்ல செய்தி, உங்கள் சிப்புக்கான டிரைவர் கெர்னல் 6.13-லிருந்து உள்ளேயே வந்துவிட்டது. உபுண்டு 24.04.3-உடன் வருவது அதைவிடப் புதிய 6.14. பழைய 24.04 வைத்திருப்பவர்களும் ஹெச்டபிள்யூஇ எனப்படும், புதிய வன்பொருளுக்கான கெர்னலை நிறுவி மாறலாம். பையன் போட்டதை முதலில் நீக்கச் சொல்லுங்கள், இரண்டு டிரைவரும் ஒரே டாங்கிளுக்குச் சண்டை போடும். பேரப்பிள்ளைகள் யாராவது இதைச் செய்துவிடுவார்கள்.

கேள்வி: எம்டி7601யூ குட்டி டாங்கிளை ராஸ்பெரி பை என்ற குட்டிக் கணினியில் செருகி ஹாட்ஸ்பாட் ஆக்க முடியுமா?

பதில்: கெர்னலில் இருக்கும் டிரைவரோடு முடியாது. இன்னொரு வைஃபையில் இணைய மட்டும்தான் அதற்குத் தெரியும்.

கேள்வி: லினக்ஸ் போன்ற இன்னொரு இயங்குதளமான ஃப்ரீபிஎஸ்டி-க்கு டாங்கிள் வாங்க வேண்டும். வாங்குவதற்கு முன்பே கேட்கிறேன். (யாழ்ப்பாணம்)

பதில்: முன்பே கேட்டீர்களே, வாழ்க! ஆர்டிடபிள்யூஎன் (rtwn), ரன் (run) என்ற இரண்டு டிரைவர்களின் கையேட்டுப் பக்கங்களையும் படியுங்கள். எந்தெந்தச் சிப் ஓடும் என்று அங்கேயே இருக்கும். கையேட்டில் இல்லாததை வாங்காதீர்கள், லினக்ஸில் ஓடுவதெல்லாம் அங்கே ஓடாது.

கேள்வி: மூன்று டாங்கிள் வாங்கிவிட்டேன், ஒன்றுமே சரியாக ஓடவில்லை. பில், பெட்டி எதுவும் இல்லை. நான்காவதாக எதை வாங்கலாம்?

பதில்: மூன்றையும் ஒவ்வொன்றாகச் செருகி, எல்எஸ்யூஎஸ்பி காட்டுவதை எழுதி அனுப்புங்கள். நான்காவதைப் பற்றி அப்புறம் பேசலாம்.