கிரகணக் கண்ணாடியில் புதன் தெரியுமா?

கேள்வி: 2032-இல் புதன் சூரியனைக் கடக்கிறதாம். இணையத்தில் 'டிரான்சிட்' என்று தேடினால் மெட்ரோ எக்ஸ்பிரஸ் நேரமும் சனிப் பெயர்ச்சிப் பலனும்தான் வருகின்றன. 2004-இல் வெள்ளி கடந்ததைக் கிரகணக் கண்ணாடியில் பார்த்தோம். அதே கண்ணாடி போதுமா? இதற்குக் கோவிலில் பூஜை உண்டா?
- ஒரு வாசகி, ரோஸ் ஹில், மொரீஷியஸ்

பதில்: பூஜையை முதலில் முடித்துவிடுவோம். பெயர்ச்சி என்பது ஒரு கிரகம் ராசி மாறுவது. புதன் ஏறக்குறைய மாதம் ஒருமுறை மாறுகிறது. நீங்கள் கேட்பது வேறு. புதன் நமக்கும் சூரியனுக்கும் நேர் நடுவே வந்து, கரும்புள்ளியாகச் சூரியன்மேல் நகர்வது. புதனின் பாதை பூமியின் பாதையிலிருந்து 7 பாகை சாய்ந்திருப்பதால் இது நூறாண்டுக்கு 13, 14 முறைதான் நடக்கும்.

2032 நவம்பர் 13, சனிக்கிழமை. மொரீஷியஸ் நேரப்படி காலை சுமார் 10.41 முதல் பிற்பகல் 3.07 வரை. முழுவதும் இங்கே தெரியும்.

ஆனால் கிரகணக் கண்ணாடி போதாது. வெள்ளி சூரியனின் அகலத்தில் முப்பதில் ஒரு பங்குக்குச் சற்றுக் குறைவாக இருந்ததால் கண்ணுக்குத் தட்டுப்பட்டது. புதனோ 190-இல் ஒரு பங்குதான். தொலைநோக்கி வேண்டும், 50 மடங்கு பெரிதாக்கினால் நன்றாகத் தெரியும். சூரிய ஃபில்டர் குழாயின் முன்வாயில்தான் இருக்க வேண்டும். கண் வைக்கும் பக்கம் கிரகணக் கண்ணாடியைப் பிடித்துப் பார்த்தால் குவிந்த வெயில் அதை உருக்கிவிடும், கண்ணும் போய்விடும். தொலைநோக்கியின் மேலுள்ள சிறு குறிபார்க்கும் குழாயையும் மூடியே வையுங்கள், பிள்ளைகள் முதலில் எட்டிப் பார்ப்பது அதில்தான்.

இங்கே இன்னொரு சிக்கலும் உண்டு. நவம்பர் நடுவில் நம் ஊரில் நண்பகல் சூரியன் கிட்டத்தட்ட உச்சந்தலைக்கு மேலே நிற்கும். அங்கே தூக்கினால் பல தொலைநோக்கிகளின் அடிப்பக்கம் முக்காலியில் இடிக்கும். அதனால் நிதானமாகப் பார்க்க 2 மணிக்குப் பிறகான நேரமே என் தேர்வு. சூரியன் இறங்கியிருக்கும், புதன் விளிம்பைத் தொட்டு வெளியேறுவதையும் விடாமல் பார்க்கலாம். வட்டமாக, கூர்மையான விளிம்போடு நகர்ந்துகொண்டே இருப்பது புதன். சாம்பல் ஓரத்தோடு அதே இடத்தில் நிற்பது சூரியப் புள்ளி, அதாவது சூரியன் மேலேயே உள்ள கறை.

அப்புறம், மேகம். கியூர்பிப் மேட்டுப் பக்கம் வேண்டாம். ஃப்ளிக் ஆன் ஃப்ளாக் போன்ற மேற்குக் கரைக்குப் போங்கள். இந்த விஷயத்தில் மேகம் இரக்கம் காட்டாது. 1761-இல் வெள்ளி கடப்பதைப் பார்க்கப் புதுச்சேரிக்குப் புறப்பட்ட லெ ஜாந்தீய் என்ற பிரெஞ்சுக்காரர் நம் தீவு வழியாகத்தான் போனார். புதுச்சேரி பிரிட்டிஷார் கைக்குப் போய்விடவே, ஆடும் கப்பலிலிருந்து பார்த்தார்; அளவு எதுவும் தேறவில்லை. அடுத்து வெள்ளி கடக்கும் 1769 வரை காத்திருந்து புதுச்சேரிக்கே போனார். அன்று காலை மேகம் மூடிவிட்டது.

உங்களுக்கு அவ்வளவு காத்திருப்பு இல்லை. 2032 தவறினால் 2039 நவம்பர் 7 இருக்கிறது, பகல் 11.17-க்குத் தொடங்கும்.