லண்டன் விமானமும் ரீயூனியன் தடமும்

வணக்கம் ஐயா,

ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு பிரிட்டன் வெளியேறியதால், அந்நாட்டு விமான நிறுவனங்கள் பாரிஸ்–ரீயூனியன் தடத்தில் ஓடவே முடியாது என்கிறார் நண்பர். லண்டனில் வேலை பார்க்கும் என் மகள், தீபாவளிக்குப் பாரிஸ் அல்லது மொரீஷியஸ் வழியாகத்தான் வருகிறாள். வர்த்தகக் கூட்டிலிருந்து விலகினால் விமானத் தடம் ஏன் போகிறது? உலக வர்த்தக அமைப்பின் விதிகள் கைகொடுக்காதா?

ஒரு வாசகர், சேந்த் ஆந்த்ரே, ரீயூனியன்

அன்புள்ள நண்பருக்கு,

கைகொடுக்காது. வர்த்தக ஒப்பந்தம் போனால் சரக்குக்கு உலக வர்த்தக அமைப்பின் வரிவிகிதமாவது மிஞ்சும். விமானத்துக்கு அப்படி எதுவும் இல்லை. சேவை வர்த்தகத்துக்கான அந்த அமைப்பின் காட்ஸ் ஒப்பந்தமே, எந்த நிறுவனம் எந்தத் தடத்தில் பறக்கலாம் என்ற தட உரிமைகளைத் தன் வரம்புக்கு வெளியே வைத்துவிட்டது. 1944 சிகாகோ உடன்படிக்கைப்படி ஒவ்வொரு நாட்டின் வானமும் அந்த நாட்டுக்கே உரியது. அதன் அனுமதி இல்லாமல் அங்கே நேர அட்டவணைப்படி விமானச் சேவை நடத்த முடியாது. ஆகவே விலகும் நாடு ஒவ்வொரு உரிமையையும் மறுபடி பேசித்தான் வாங்க வேண்டும்.

பிரிட்டன் இழந்தது பெரிய உரிமை. 1997 ஏப்ரலிலிருந்து ஒன்றியத்தின் எந்த நாட்டு நிறுவனமும் இன்னொரு உறுப்பு நாட்டின் உள்நாட்டுத் தடத்தில் பறக்கலாம். ரீயூனியன் பிரான்சின் மாவட்டம், ஒன்றியத்தின் பகுதியும்கூட. அதனால் 9,000 கிலோமீட்டருக்கு மேல் நீளும் பாரிஸ்–ரீயூனியன் தடமும் சட்டத்தின் கண்ணில் உள்நாட்டுத் தடம்தான். 2020 டிசம்பர் 31 வரை பிரிட்டிஷ் நிறுவனத்துக்கும் அந்தக் கதவு திறந்திருந்தது. பிரிட்டனும் ஒன்றியமும் செய்துகொண்ட, 2021 முதல் நடப்பிலுள்ள புதிய ஒப்பந்தத்தில் அது இல்லை. இனி பாரிஸில் ஏறும் ஒரு பயணியைக்கூட பிரிட்டிஷ் விமானம் ரீயூனியன் தலைநகரான சேன் தெனியில் இறக்க முடியாது. லண்டனிலிருந்து நேராக ரீயூனியனுக்கு வர மட்டும் தடையில்லை. அப்படி வராததற்குக் காரணம் வியாபாரம் என்றே நினைக்கிறேன்: பாரிஸில் ரீயூனியன்காரர்கள் நிறைய, அவ்வளவு பெரிய விமானத்தை லண்டன் பயணிகளை மட்டும் வைத்து நிரப்புவது கடினம்.

இதைவிட ஆழமான சிக்கல் பங்குப் பதிவேட்டில் வந்தது. விமான நிறுவனம் நடத்த ஒன்றியத்தின் உரிமம் வேண்டுமென்றால் நிறுவனத்தின் பாதிக்கு மேற்பட்ட பங்கும் உண்மையான கட்டுப்பாடும் உறுப்பு நாடுகளிடமோ அவற்றின் குடிமக்களிடமோ இருக்க வேண்டும். பிரிட்டிஷ் பங்குதாரர்கள் ஒரே இரவில் அந்தக் கணக்கிலிருந்து விழுந்தார்கள். பிரிட்டிஷ் நிறுவனமான ஈஸிஜெட் 2017-இலேயே வியன்னாவில் தனி நிறுவனம் தொடங்கி, விமானங்களை ஆஸ்திரியப் பதிவுக்கு மாற்றத் தொடங்கியது. ரயன்ஏர் அயர்லாந்து நிறுவனம்தான். அதுவும் 2021 தொடக்கத்திலிருந்து பிரிட்டிஷ் பங்குதாரர்களின் வாக்குரிமையை நிறுத்த வேண்டியதாயிற்று. பங்கு கையில் இருக்கிறது, பொதுக்குழுவில் வாக்கு இல்லை. தடத்தைக் காப்பாற்ற முதலீட்டாளரின் உரிமையை விலையாகக் கொடுக்கும் இந்த ஏற்பாடு எனக்கு நியாயமாகப் படவில்லை.

மூன்றாம் நாடுகளோடு உள்ள உரிமைகளில், ஒன்றியம் மொத்தமாகக் கையெழுத்திட்டவைதான் போயின. 2007-இல் ஒன்றியம் அமெரிக்காவோடு செய்த ஒப்பந்தம் பிரிட்டனுக்கும் சேர்த்தே இருந்தது. அதற்குப் பதிலாக 2020 நவம்பரில் பிரிட்டன் தனியாகக் கையெழுத்திட்டது. லண்டன்–மொரீஷியஸ் தடம் இரு நாடுகளுக்கும் இடையிலான விவகாரம் என்பதால் அது ஆட்டம் காணவில்லை. உங்கள் மகளுக்கு அந்த வழியில் கவலை இல்லை.

பாரிஸ் வழியாக வந்தால் விமான நிலையத்தைக் கவனிக்கச் சொல்லுங்கள். ஏர் ஆஸ்ட்ரல் ஷார்ல் த கோலிலிருந்து கிளம்பும். கோர்சேரும் பிரெஞ்ச் பீயும் ஓர்லியிலிருந்து. இரண்டுக்கும் நடுவே பாரிஸ் நகரமே கிடக்கிறது. தனித்தனி டிக்கெட்டாக எடுத்து, லண்டன் விமானம் தாமதமானால், அடுத்த விமானத்தில் ஏற்றிவிடும் கடமை ரீயூனியன் விமானக்காரர்களுக்கு இல்லை. ஒரே டிக்கெட்டாக எடுக்கட்டும்.