கூலி பாக்கியும் எழுப்புதலும்

அன்புள்ள ஐயா அவர்களுக்கு,

நான் குலசேகரத்துக்கு அருகிலுள்ள ஒரு கிராமத்தைச் சேர்ந்தவன். திருவனந்தபுரத்தில் ஒரு தனியார் அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் வேலை செய்கிறேன். தினமும் மார்த்தாண்டம், களியக்காவிளை வழியாகப் பஸ்ஸில் போய்வருகிறேன். சென்ற மாதம் எங்கள் சபையில் மூன்று நாள் எழுப்புதல் கூட்டம் நடந்தது. பலர் அழுது ஜெபித்தார்கள், சிலர் தரையில் விழுந்தார்கள், நானும் என்னை முழுமையாக ஒப்புக்கொடுத்தேன். அன்றுமுதல் பஸ்ஸில் கைப்பிரதி கொடுக்கிறேன். அலுவலகத்தில் மலையாளி நண்பர்களிடமும் பேசிப் பார்க்கிறேன். ஒருவரும் செவிகொடுப்பதில்லை. எங்கள் ரப்பர் விளையில் பால்வெட்ட வருகிற அண்ணனிடமும் வீட்டில் எல்லாரும் பல வருடமாகச் சொல்லி வருகிறோம். போன மழைக்காலத்துக் கூலி கொஞ்சம் பாக்கி நிற்பதால் அவர் இப்போது முகம் கொடுத்துப் பேசுவதுகூட இல்லை. இப்படிப்பட்ட கடின இருதயங்களின் நடுவே அன்றாட வாழ்க்கையில் சுவிசேஷத்தை எப்படி அறிவிப்பது? எங்கள் சபைக்கு வந்தது மெய்யான எழுப்புதல்தானா என்று எதை வைத்து அறிவது? வேலையை விட்டுவிட்டு முழுநேர ஊழியத்துக்கு வரலாமா?

இப்படிக்கு,
ஒரு வாசகன்

அன்புள்ள தம்பி,

நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகள் மூன்று. அவற்றில் எதுவும் என்னை நிறுத்தவில்லை. உங்கள் கடிதத்தில் கேள்வியாக இல்லாமல் போகிற போக்கில் எழுதப்பட்ட அரை வாக்கியம்தான் நிறுத்தியது: மழைக்காலத்துக் கூலி கொஞ்சம் பாக்கி. கன்வென்ஷன் காலம் தொடங்கி, மார்த்தாண்டத்திலிருந்து மலையோரம் வரை சுவரெல்லாம் எழுப்புதல் கூட்டத்தின் சுவரொட்டிகள் நிறையும்போதெல்லாம் நான் இதைப் பற்றித்தான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். அந்த நேரத்தில் உங்கள் கடிதம் வந்தது. ஆகவே மற்றவற்றை விட்டுவிட்டு இதைப் பற்றியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த மனிதரைக் கடின இருதயம் என்று எழுத உங்களுக்கு எப்படி மனம் வந்தது? நீங்கள் பஸ் ஏறுவதற்குள் அவர் நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு, பாம்பு கிடக்கும் சருகில் நடந்து, உங்கள் விளையின் மரங்களையெல்லாம் வெட்டி முடித்திருப்பார். பிறகு சிரட்டை சிரட்டையாகப் பாலை எடுத்து, சுமந்து, உறையவைத்து, ஷீட் அடித்து, கம்பில் காயப்போட்டுவிட்டுப் போவார். ஜூன் மாத இடவப்பாதி மழை பிடித்துவிட்டால் வெட்டு நிற்கும். வெட்டில் மழை படாமல் ரெயின் கார்டு கட்டிய மரமென்றால் பாதி நாள் நடக்கும். மாசி மாதத்து இலையுதிர்வில் மறுபடியும் வேலை இல்லை. ஆகவே மழைக்காலத்துக் கூலி என்பது அவர் வீட்டில் பள்ளிக்கூடம் திறக்கிற மாதத்துச் செலவு. அதை நீங்கள் கொஞ்சம் என்று எழுதியிருக்கிறீர்கள். கொஞ்சமா இல்லையா என்று சொல்லவேண்டியவர் நீங்கள் அல்ல.

"கூலிக்காரனுடைய வேலையின் கூலி விடியற்காலமட்டும் உன்னிடத்தில் இருக்கலாகாது" என்று லேவியராகமம் 19-ஆம் அதிகாரம் சொல்கிறது. உங்கள் விளைக்குள் அந்த மனிதர் கால் வைக்கும் நேரமும் விடியற்காலம்தான். அவருடைய கூலி உங்கள் வீட்டில் எத்தனை விடியற்காலங்களைக் கண்டுவிட்டது என்று எண்ணிப் பாருங்கள். புதிய ஏற்பாட்டில் யாக்கோபு இன்னும் கடுமையாகச் சொல்கிறார்: அநியாயமாய்ப் பிடிக்கப்பட்ட கூலி கூக்குரலிடுகிறது, அந்தக் கூக்குரல் சேனைகளுடைய கர்த்தரின் செவிகளில் படுகிறது. உங்கள் குடும்ப ஜெபமும் அந்தக் கூக்குரலும் ஒரே வளவிலிருந்து மேலே போகின்றன, தம்பி.

எழுப்புதலுக்கு அடையாளம் என்ன என்ற உங்கள் கேள்விக்கும் இதிலேயே பதில் இருக்கிறது. 1904-ஆம் ஆண்டின் இறுதியில் வேல்ஸ் நாட்டுச் சுரங்க ஊர்களில், சுரங்கத் தொழிலாளியாக இருந்த இவான் ராபர்ட்ஸ் என்ற இளைஞரின் ஊரிலிருந்து எழும்பிய எழுப்புதலைப் பற்றி நம் மேடைகளில் ஓயாமல் பேசுகிறார்கள். இரவெல்லாம் பாடினார்கள், விடியும்வரை ஜெபித்தார்கள் என்று சொல்கிறவர்கள், அந்த மாதங்களில் வருடக்கணக்காக நின்றுபோயிருந்த கடன்கள் கடைகளுக்குத் திரும்பி வந்தன, திருடிய பொருள் உரியவரிடம் போய்ச் சேர்ந்தது, விசாரிக்க வழக்கு இல்லாமல் அதற்கு அடையாளமாக நீதிபதிகளுக்கு வெள்ளைக் கையுறை கொடுக்கப்பட்டது என்பதை மட்டும் விட்டுவிடுகிறார்கள். அந்தப் பாட்டுகள் ஊர் எல்லையைத் தாண்டவில்லை என்றால் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். தாண்டிப்போனது திரும்பிவந்த கடன்தான். கோயில் வாசலே மிதியாத கடைக்காரனையும் யோசிக்கவைத்தது அது.

நம் பக்கத்துக் கதைக்கு அவ்வளவு தூரம் போகவேண்டியதில்லை. 1860-இல் திருநெல்வேலிச் சீமையில் ஜான் கிறிஸ்டியன் அருளப்பன் என்ற ஊழியரைச் சூழ்ந்து எழுந்த எழுப்புதலில் அழுகையும் இருந்தது, விழுதலும் இருந்தது, அந்நிய பாஷையும் தீர்க்கதரிசனமும் இருந்தன. ஆனால் அதன்பின் சம்பளம் வாங்காமல் ஊர் ஊராகப் புறப்பட்டுப் போனவர்களால்தான் அது நிலைத்தது. அடுத்த தலைமுறையில் மலைக்கு மேற்கே, திருவிதாங்கூரில், தமிழ்ப் பிராமணக் குடும்பத்திலிருந்து கிறிஸ்துவிடம் வந்து அழகான பாடல்கள் எழுதிய ஜஸ்டஸ் ஜோசப்பின் கூட்டம், 1881-இல் கர்த்தர் வருவார் என்று நாள் குறித்துக் காத்திருந்து ஏமாந்தது. அவர்கள் கண்ணீர் பொய் என்று நான் சொல்லமாட்டேன். விழுந்தார்களா, விழவில்லையா என்ற சர்ச்சைக்கு என்னிடம் நேரமில்லை என்று மட்டும் சொல்கிறேன். விழுந்தவர் எழுந்து யார் வீட்டுக்குப் போனார் என்பதே எனக்கு வேண்டும்.

நீங்கள் நிற்கிற மண்ணில் சுவிசேஷம் எப்படி வந்தது என்று உங்கள் ஞாயிறு பள்ளியில் சொல்லிக்கொடுத்திருப்பார்கள். தஞ்சாவூரில் வசனத்தைக் கேட்டுத் திரும்பிய மயிலாடி வேதமாணிக்கத்தையும், 1806-இல் அங்கே வந்த ஜெர்மானிய மிஷனெரி ரிங்கல்தௌபேயையும் உங்களுக்குத் தெரியும். தன் கைக்கு வந்ததையெல்லாம் ஏழைகளுக்குக் கொடுத்துவிட்டு ஒன்றுமில்லாதவராக வாழ்ந்தவர் அவர். அன்று நம் முன்னோர்களில் பலர் கூலியில்லாத கட்டாய வேலைக்குப் பிடிக்கப்பட்டவர்கள், சிலர் விற்கவும் வாங்கவும் பட்டவர்கள். நாகர்கோவிலில் மிஷனெரியின் மனைவி மார்த்தா மால்ட் அம்மையார் 1820-களில் லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தபோது, அடிமைப் பெண்கள் அந்தக் கைவேலையில் வந்த காசைச் சேர்த்துத் தங்கள் விடுதலையைத் தாங்களே வாங்கிக்கொண்டார்கள். திருவிதாங்கூர் அரசு அடிமைமுறையை ஒழித்தது 1855-இல்தான்; அதற்கு முன்பே தங்கள் ஊசிமுனையால் வெளியே வந்துவிட்ட பெண்கள் அவர்கள். செய்த வேலைக்குச் சரியான கூலி கையில் வந்து விழுந்ததுதான் அந்தப் பெண்கள் அறிந்த சுவிசேஷத்தின் முதல் பக்கம். அந்தச் சபைகளின் பேரப்பிள்ளைகளாகிய நாம் இன்று மற்றொருவருடைய கூலியைப் பிடித்துவைத்துக்கொண்டு அவருக்குக் கைப்பிரதி நீட்டுகிறோம். இதை எழுதும்போது எனக்குக் கோபம் வருகிறது, மறைக்க விரும்பவில்லை.

என் பாட்டி அண்டியாபீஸில், அதாவது முந்திரிப்பருப்பு ஆலையில், வேலை செய்தவர். தோட்டின் எண்ணெய் பட்டு விரல்கள் கறுத்து வெந்துபோன பெண்களில் ஒருவர். பருப்பை எடை போட்டுத்தான் கூலி. தராசில் நின்றவர் ஒரு சபையின் பாடகர் குழுவில் முதல் குரல். அவர் எடையைக் குறைத்து எழுதுகிறார் என்பது அந்தப் பெண்கள் எல்லாருக்கும் தெரியும், கேட்டால் மறுநாள் வேலை கிடையாது என்பதும் தெரியும். ஒரு வருடம் கன்வென்ஷன் முடிந்த வாரத்தில் அவர் அந்தியில் பாட்டியின் வீட்டு முற்றத்தில் வந்து நின்றார். "தராசில் உங்களை ஏமாற்றினேன், மொத்தமாகத் தர என்னால் முடியாது, மாதாமாதம் தந்து தீர்க்கிறேன்" என்று சொன்னார். வேறொன்றும் சொல்லவில்லை. பாட்டி அவரை உட்காரச் சொல்லவில்லை. ஊரே கேட்கும்படி ஏசினார். "இவ்வளவு நாளும் ஒனக்க சாமி எங்க போயிருந்துது?" என்று கேட்டதாக அம்மா சொல்வார். அவர் தலைகுனிந்து முழுவதையும் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, அடுத்த பெண்ணின் வீட்டுக்குப் போனார். சொன்னபடியே தந்தார், அதற்காக வீட்டில் நின்ற பசுவை விற்றார் என்று பிறகு தெரியவந்தது. கடைசித் தவணை கொடுத்த அன்றுதான் பாட்டி அவரிடம், உன்னை இப்படிச் செய்யச் சொன்னது யார் என்று கேட்டார். "ஜெபத்தில் உட்கார முடியவில்லை" என்பதுதான் அவர் சொன்ன பதில்.

பாட்டி கிறிஸ்தவராகவில்லை. சாகும்வரை தன் குலதெய்வத்துக்கு விளக்கு வைத்தார். ஆனால் என் அம்மா அந்த மனிதருடைய சபைக்குப் பாட்டு கேட்கப் போனபோது தடுக்கவில்லை, "அவன் இருக்கிற எடம்தானே" என்று விட்டுவிட்டார். நான் இன்று இந்த விசுவாசத்தில் நிற்பது அந்த முற்றத்தின் வழியாகத்தான்.

அப்படியானால் வாய் திறந்து சொல்லவே வேண்டாமா, நல்லவர்களாக வாழ்ந்தால் போதுமா என்று கேட்பீர்கள். அப்படி நான் ஒருநாளும் சொல்லமாட்டேன். வெள்ளாளன்விளையில் பிறந்து, 1903-இல் இந்திய மிஷனெரி சங்கம் தொடங்கக் காரணமாயிருந்து, பின்பு தெலுங்கு நாட்டில் தோர்ணக்கல் பேராயரான அசரியா, புதிதாக ஞானஸ்நானம் பெறுகிறவர்களைத் தங்கள் தலையில் கைவைத்து, "நான் ஞானஸ்நானம் பெற்ற கிறிஸ்தவன், சுவிசேஷத்தை நான் பிரசங்கியாதிருந்தால் எனக்கு ஐயோ" என்று சொல்லவைத்தார். எழுத்தறியாத கூலிக்காரர்களையும் சொல்லவைத்தார். ஆனால் அதே தோர்ணக்கலில் 1930-களில் மேல்சாதியார் சபையைத் தேடி வந்தபோது அவர்களில் பலர் சொன்ன காரணம் பிரசங்கம் அல்ல. தங்கள் வயலில் வேலை செய்த, தாழ்த்தப்பட்ட மாலா, மாதிகா மக்களின் வாழ்க்கை மாறியதைக் கண்ணால் பார்த்தோம் என்பதுதான். வாயும் வாழ்வும் அங்கே ஒரே மனிதரிடம் இருந்தன. உங்கள் வீட்டில் வாய் மட்டும் பல வருடமாக வேலை செய்திருக்கிறது.

இன்னொன்றும் கேட்பீர்கள்: கிரியையினால் இரட்சிப்பு என்கிறீர்களா? சுவிசேஷத்தில் வரும் வரிவசூலிப்பவன் சகேயுவின் வீட்டைப் பாருங்கள். நாலத்தனையாகத் திருப்பிக் கொடு என்று இயேசு அவனிடம் சொல்லவே இல்லை. அவர் அவன் வீட்டுக்கு வந்தார். வந்தவரைப் பார்த்ததும் அவனுக்குத் தன் கணக்குப் புத்தகம் நினைவுக்கு வந்தது. உங்கள் சபையில் மூன்று நாளும் அவர் வந்திருந்தார் என்று நீங்கள் நம்புகிறீர்கள். அப்படியானால் அந்த மூன்று நாளில் எத்தனை வீடுகளில் கணக்குப் புத்தகம் திறக்கப்பட்டது? மருமகளிடம் வாங்கிய ரொக்கத்தையும் நகையையும் நினைத்து எத்தனை பேருக்குத் தூக்கம் வரவில்லை? இந்தக் கேள்வியை உங்கள் போதகர் மேடையில் கேட்டாரா என்று எனக்கு எழுதுங்கள்.

இனி, செய்யவேண்டியதைச் சொல்கிறேன். கூலியைக் கொடுக்கும்போது அதோடு கைப்பிரதி வைக்காதீர்கள். அன்று அவரைக் கூட்டத்துக்கு அழைக்காதீர்கள். ஆண்டவர் என்னோடு பேசினார், அதனால் தருகிறேன் என்று முன்னுரை சொல்லாதீர்கள். அது அவருடைய பணம், உங்கள் சாட்சிக்கான மேடை அல்ல. ஞாயிற்றுக்கிழமை சபையில் எழுந்து இதைச் சாட்சியாகவும் சொல்லாதீர்கள். தாமதத்துக்கு மன்னிப்புக் கேளுங்கள், அதுவும் ஒரே வாக்கியத்தில். அவர் ஏசினால் நின்று கேளுங்கள். அவர் உங்களிடம் எதையாவது கேட்கும் நாள் வந்தால், அன்று தெளிவாக, வெட்கப்படாமல், கிறிஸ்துவின் பெயரைச் சொல்லுங்கள். அந்த நாள் வராமலே போனாலும் கூலி கூலிதான்.

உங்கள் அப்பாவிடம் இதைப் பேசுவதுதான் உங்களுக்குக் கடினமாக இருக்கும் என்று ஊகிக்கிறேன். ரப்பர் விலை விழுந்துகிடக்கிறது, ஷீட் விற்கவில்லை என்று அவர் சொல்லக்கூடும். அதில் உண்மையும் இருக்கும், சிறு விளைக்காரர்களின் கஷ்டம் எனக்குத் தெரியாததல்ல. அவரைக் கண்டிக்கப் போகாதீர்கள். பெற்றவரைச் சபையார் முன் வெட்கப்படுத்துவது எழுப்புதல் ஆகாது. உங்களுக்குத் திருவனந்தபுரத்தில் சம்பளம் வருகிறது; என் பங்காக இதை நான் தீர்க்கிறேன் அப்பா என்று அனுமதி கேளுங்கள்.

அலுவலக நண்பர்களைப் பற்றி: நீங்கள் கணக்குப் பிரிவில் இருக்கிறீர்கள், அங்கே பொய்க்கணக்கு எழுத மறுக்கவேண்டிய நாள் ஒன்று வரும், அன்று அவர்களே உங்களைக் கவனிப்பார்கள், அதற்குமுன் மேசை மேசையாகப் போய்ப் பேசவேண்டாம். பஸ்ஸில் கைப்பிரதி கொடுப்பது உங்கள் விருப்பம், எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை. முழுநேர ஊழியத்தைப் பற்றி இப்போது ஒன்றும் சொல்லமாட்டேன். இந்தப் பாக்கி தீர்ந்த பிறகு எழுதுங்கள், அப்போது பேசலாம்.

பணத்தோடு போகும்போது உங்கள் வீட்டு நோட்டை எடுத்துக்கொண்டு போகாதீர்கள். எவ்வளவு பாக்கி என்று அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லும் தொகை நோட்டில் இருப்பதைவிடக் கூடுதலாக இருந்தால், அவர் சொல்வதையே கொடுங்கள்.

அன்புடன்.