கறுப்பு பேன்ட் ஏன் மெரூன் ஆகிறது?

கேள்வி: குறும்படத்துக்காக உச்சி வெயிலில் மொட்டை மாடியில் ஒரு காட்சி எடுத்தோம். லென்ஸ் முன்னால் ஒளியைக் குறைக்கும் என்.டி. ஃபில்டர் 1.8, அதோடு ஒரு 0.9. மானிட்டரில் கவனிக்கவில்லை, எடிட்டில் பார்த்தால் நாயகனின் கறுப்பு பேன்ட் மெரூனாக இருக்கிறது, சட்டை மட்டும் கறுப்பு. டி.ஐ.யில் (எடிட்டுக்குப் பிந்தைய நிறத் திருத்தத்தில்) சரியாகிவிடுமா? கேமரா சென்சாருக்கு முன்னால் இருக்கும் ஓ.எல்.பி.எஃப். ஃபில்டரை மாற்றச் சொல்கிறார் நண்பர்.

பதில்: நீங்கள் போட்ட கணக்கு தப்பில்லை. ஐ.எஸ்.ஓ. 800, 24 ஃபிரேம், 180 டிகிரி ஷட்டர் வைத்துக்கொண்டு வெயிலில் லென்ஸ் துளை எஃப் 2.8 வேண்டுமென்றால் ஏறக்குறைய 9 ஸ்டாப் (ஒரு ஸ்டாப் என்றால் ஒளி பாதியாவது) குறைத்தே ஆகவேண்டும். என்.டி.யில் 0.3 என்பது ஒரு ஸ்டாப்; 1.8-ம் 0.9-ம் சேர்ந்தால் சரியாக 9 ஸ்டாப்.

கோளாறு அகச்சிவப்பில். நம் கண் சுமார் 700 நானோமீட்டரோடு நின்றுவிடும். சிலிக்கான் சென்சார் 1000-ஐத் தாண்டியும் பார்க்கும். அதைத் தடுக்கக் கேமராவுக்குள் ஒரு ஐ.ஆர். (அகச்சிவப்பு) கட் கண்ணாடி உண்டு, ஆனால் 700-ஐ ஒட்டிக் கொஞ்சம் கசியும். சாதாரண நாளில் அந்தக் கசிவு தெரியாது. சாதாரண என்.டி.யோ கண்ணுக்குத் தெரியும் ஒளியை 512-இல் ஒரு பங்காக்கிவிட்டு, அகச்சிவப்பைப் பெரும்பாலும் அப்படியே விட்டுவிடும். நீங்கள் ஐரிஸை, அதாவது லென்ஸ் துளையை, திறந்ததும் கசிவின் பங்கு எகிறிவிடுகிறது. உங்கள் பேன்ட்டின் சாயம் அகச்சிவப்பைத் திருப்பி அனுப்புகிற ரகம். சட்டையின் சாயம் விழுங்குகிற ரகம். கண்ணுக்கு இரண்டும் ஒரே கறுப்புதான்.

டி.ஐ.யில் தொல்லையே இதுதான். மொத்த ஃபிரேமிலும் சிவப்பைக் குறைத்தால் சட்டையும் தலைமுடியும் பச்சையடிக்கும். இலைகளும் அகச்சிவப்பை நிறைய அனுப்பும், பின்னணி மரம் வேறு விதமாகக் கெட்டிருக்கும்.

அடுத்த முறை அகச்சிவப்பையும் சேர்த்துக் குறைக்கும் ஐ.ஆர்.என்.டி. கேளுங்கள். வாடகைக் கடையில் "என்.டி. செட்" என்று மட்டும் சொன்னால் கையில் கிடைப்பதைக் கொடுத்துவிடுவார்கள். ஹாட் மிரர் (அகச்சிவப்பைத் திருப்பி அனுப்பும் கண்ணாடி) இருந்தால் சாதாரண என்.டி.க்கு முன்னால் மாட்டலாம்; ஆனால் வைடு லென்ஸில் ஓரங்களில் நிறம் மாறும். இரண்டு கண்ணாடி அடுக்கினால் இரவில் ஹெட்லைட் இரட்டையாகத் தெரியும் வாய்ப்பும் கூடும். வேரியபிள் என்.டி. வசதிதான், ஆனால் அது இரண்டு போலரைசர் கண்ணாடிகள்: வைடில் குறுக்காக எக்ஸ் விழும், முகத்தின் பளபளப்பும் மாறும். ஷார்ப்னஸ் விஷயத்தில், நல்ல தட்டைக் கண்ணாடி எதையும் கெடுக்காது. மட்டமானது டெலி லென்ஸில் காட்டிக்கொடுத்துவிடும். உள்ளேயே என்.டி. உள்ள கேமரா கிடைத்தால் எனக்கு அதுவே பிடிக்கும். அலெக்ஸா மினியில் 0.6, 1.2, 2.1 இருக்கின்றன.

ஓ.எல்.பி.எஃப். வேறு வேலைக்கு. பொடிக் கட்டம் போட்ட புடவையில் நெளியும் பொய்க்கோடுகளை, அதாவது மோரேயை, தடுக்க, படிகத்தால் ஒளியைக் கடுகளவு பிரிக்கிறது. அதற்கு விலையாகக் கொஞ்சம் ஷார்ப்னஸ் போகும். சில கேமராக்களில் ஐ.ஆர். கட்டும் அதே அடுக்கில் ஒட்டியிருப்பதால் நண்பர் குழம்பியிருக்கலாம். வெறும் பேன்ட்டுக்காக அதைக் கழற்ற வேண்டாம்.

ஷூட்டுக்கு முன்னால் நாயகனின் உடை, குடை, கேமரா பை எல்லாவற்றையும் வெயிலில் பரப்பி, என்.டி. இல்லாமல் ஐரிஸையும் ஷட்டரையும் இறுக்கி ஒன்று, என்.டி.யோடு ஒன்று எடுத்துப் பாருங்கள். பத்து நிமிட வேலை.

சரி, எடுத்து முடித்ததற்கு? பேன்ட்டுக்கு மட்டும் மாஸ்க் வரைந்து, அசைவோடு அது நகரும்படி டிராக் செய்து, சாச்சுரேஷனை (நிறச் செறிவை) குறையுங்கள். கை குறுக்கே வரும் ஷாட்களுக்குத்தான் நேரம் பிடிக்கும், கலரிஸ்டிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.