எலும்பு நன்றாக இருக்கிறது, நொண்டல்தான் போகவில்லை

கேள்வி: எங்கள் நாட்டு நாய்க்கு ஐந்து வயது, 24 கிலோ. மூன்று வாரமாக வலது பின்னங்காலை நொண்டுகிறது. டாக்டர் எக்ஸ்ரே எடுத்து, எலும்பு நன்றாக இருக்கிறது என்றார். ஐந்து நாள் மெலாக்சிகாம் என்ற வலி மாத்திரை கொடுத்தோம். மாத்திரை நின்றதும் பழையபடி நொண்டுகிறது. வேறு டாக்டரிடம் காட்டலாமா? முதல் டாக்டர் தப்பாக நினைப்பாரோ?
(மண்டபம் வாசகர்)

பதில்: தாராளமாகக் காட்டலாம். ஆனால் அவரிடம் சொல்லிவிட்டே போங்கள். "இன்னொரு இடத்திலும் காட்டுறோம் சார், எக்ஸ்ரேயும் மருந்துச் சீட்டும் வேணும்" என்றால் போதும். மறைத்துப் போவதில்தான் ஆபத்து. மெலாக்சிகாம் உடம்பில் இருப்பது தெரியாமல் அடுத்தவர் ஸ்டீராய்டு ஊசி போட்டால், இரண்டும் சேர்ந்து இரைப்பையைப் புண்ணாக்கி ரத்தம் கசிய வைக்கும். மருந்தின் பெயர், எத்தனை மில்லிகிராம், கடைசி வேளை எப்போது என்பதை எழுதி எடுத்துப் போங்கள்.

எலும்பு நன்றாக இருக்கிறது என்பது எலும்புக்கு மட்டுமான பதில். இந்த வயதில், இந்த எடையில், பின்னங்கால் நொண்டினால் முதலில் சந்தேகிக்க வேண்டியது முழங்கால் ஜவ்வு, அதாவது மூட்டில் எலும்புகளைப் பிணைக்கும் நார். அது எக்ஸ்ரேயில் நேரடியாகத் தெரியாது. மூட்டில் நீர் கோத்திருப்பதுதான் தெரியும். தொடை எலும்பை ஒரு கையால் பிடித்துக்கொண்டு, கீழ்க்கால் எலும்பை மறு கையால் முன்னால் தள்ளிப் பார்ப்பார்கள். ஜவ்வு அறுந்திருந்தால் அது நழுவும். பயந்த நாய் தசையை விறைத்துக்கொண்டால் நழுவாது, சோதனை பொய்யாகிவிடும். ஆகவே நீங்கள் கேட்க வேண்டிய கேள்வி: "மயக்கம் கொடுத்து முழங்காலைச் சோதித்தீர்களா?" வீட்டிலும் கவனியுங்கள். உட்காரும்போது அந்தக் காலை மடக்காமல் வெளியே நீட்டுகிறதா? நிற்கும்போது விரல் நுனியை மட்டும் ஊன்றுகிறதா? முழங்காலின் உட்பக்கம் மற்ற காலைவிடத் தடித்திருக்கிறதா?

அடுத்தது பாதம். நம் பக்கம் சீமைக்கருவேல முள் இல்லாத தரை ஏது? தூண்டில் முள் உலோகம், எக்ஸ்ரேயில் பளிச்சென்று தெரியும். கருவேல முள் வெறும் மரம், பெரும்பாலும் தெரியாது. நுனி ஒடிந்து உள்ளே தங்கினால் மேல்தோல் மூடிக்கொள்ளும். பிறகு விரலிடுக்கில் வீங்கிச் சீழ் வடியும், ஆன்டிபயாடிக்கில் அடங்கும், மருந்தை நிறுத்தினால் திரும்பும். வெதுவெதுப்பான நீரில் பாதத்தைக் கழுவி, டார்ச் அடித்து ஒவ்வொரு விரலிடுக்கையும் விரித்துப் பாருங்கள். பாதத்தின் அடியிலுள்ள மெத்தைகளை ஒவ்வொன்றாக அழுத்துங்கள். சீழ்த்துளை இருந்தால் அல்ட்ராசவுண்ட் ஸ்கேன் எடுக்கக் கேளுங்கள். தூண்டில் முள் குத்தியிருந்தால் வந்த வழியே இழுக்காதீர்கள், கொக்கி சதையைக் கிழிக்கும்.

இன்று ஒரு கால், நாளை வேறு கால் என்று நொண்டல் மாறினால் உண்ணிக் காய்ச்சலாக இருக்கலாம். ரத்தத்தில் தட்டணுக்களையும் (பிளேட்லெட்) எண்ணச் சொல்லுங்கள்.

ஆஸ்பத்திரியில் பதற்றத்தில் நொண்டாமல் நடக்கும் நாய்கள் நிறைய. அதனால் வீடியோ அவசியம். தூங்கி எழுந்த முதல் சில அடிகளை எடுங்கள். பிறகு சிமெண்ட் தரையில், கயிற்றைத் தளர்த்தி, முன், பின், பக்கவாட்டில், நடையும் மெதுஓட்டமுமாக எடுங்கள். மணலில் எடுத்தது உதவாது, அங்கே நல்ல காலும் தடுமாறும்.

எக்ஸ்ரே டிஜிட்டல் என்றால் மூலக் கோப்பையே பென் டிரைவில் வாங்குங்கள். ஃபிலிமை ஜன்னல் வெளிச்சத்தில் செல்போனில் படம் பிடித்தால் மூட்டின் நுணுக்கம் போய்விடும். நேராக ஒன்று, பக்கவாட்டில் ஒன்று, ஒப்பிட மறு காலும் இருக்க வேண்டும். ஒரே ஒரு படம்தான் இருக்கிறது என்றால் மறுபடி எடுக்கச் சொல்வார்கள், அது நியாயமே.

எங்கே போவது? திருநெல்வேலி ராமையன்பட்டி, ஒரத்தநாடு, சென்னை வேப்பேரி ஆகிய இடங்களிலுள்ள அரசு கால்நடை மருத்துவக் கல்லூரிகளைக் கேளுங்கள். எலும்பு மூட்டு மருத்துவர் பார்க்கும் நாளைப் போனில் உறுதிசெய்து கிளம்புங்கள். மயக்கம் கொடுக்க நேரலாம், முதல்நாள் இரவு உணவோடு நிறுத்துங்கள், தண்ணீர் கொடுக்கலாம். வலி மாத்திரையை முன்கூட்டியே நிறுத்துவதா என்று அப்போதே கேட்டுவிடுங்கள்.

அதுவரை கயிறு கட்டி மலஜலத்துக்கு மட்டும் சில நிமிட நடை. கடற்கரை ஓட்டம், திண்ணைத் தாவல் கூடாது. வீட்டிலுள்ள டைக்ளோஃபெனாக், ஐபுரூஃபென் போன்ற மனிதர்களின் வலி மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள். காலை அறவே ஊன்றாமல் தொங்கவிட்டாலோ, இரண்டு பின்னங்காலும் தள்ளாடினாலோ கல்லூரி நாளுக்குக் காத்திருக்காமல் அன்றே பக்கத்து கால்நடை மருத்துவமனைக்குத் தூக்கிப் போங்கள்.