கடிதம், கணக்குத் தாள் எல்லாம் தயாரிக்கும் லிப்ரெஆபிஸ் மென்பொருளை இலவசமாகத் தருகிறார்களே, அதைச் சம்பளமில்லாமல் யார் பராமரிக்கிறார்கள், ஏன்?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் கணினி வேலைகளைப் பார்த்துக்கொள்கிறேன். ராத்திரி சாப்பிட்டு முடித்ததும் ஒரு மணி நேரம் லிப்ரெஆபிஸ் பிழைப் பட்டியலோடு உட்காருவது பழக்கம். எங்கள் கணக்கரண்ணன் இதைக் கேள்விப்பட்டு, "ஏனுங்க தம்பி, கூலியே இல்லாம எவனுங்க ராத்திரி முழிச்சிருப்பான்?" என்றார். நீங்கள் கேட்டதும் அதே கேள்விதான்.

எல்லாருமே சும்மா செய்வதில்லை என்பதை முதலில் சொல்லிவிட வேண்டும். நிரல் எழுதுவதில் பெரும்பங்கு கொலாபரா போன்ற நிறுவனங்களில் சம்பளம் வாங்குபவர்களுடையது. லிப்ரெஆபிஸை நடத்தும் அறக்கட்டளையான, பெர்லினில் இருக்கும் த டாக்குமெண்ட் பவுண்டேஷனிலும் சம்பள ஆட்கள் உண்டு. மொழிபெயர்ப்பு, பிழை சோதிப்பு, உதவிக் கையேடு, இந்தப் பக்கம்தான் என்னைப் போன்றவர்கள் அதிகம்.

இதற்கு முன்பு ஓப்பன்ஆபிஸ் என்ற இலவச மென்பொருள் இருந்தது. அதை நடத்திவந்த சன் நிறுவனம் 2010இல் ஆரக்கிள் நிறுவனத்தின் கைக்குப் போனது. ஓப்பன்ஆபிஸின் கதி என்னாகுமோ என்று பயந்தவர்கள் அந்த செப்டம்பரிலேயே நிரலை எடுத்துக்கொண்டு தனிக்குடித்தனம் போனார்கள். அதுதான் லிப்ரெஆபிஸ். அந்த நிரலின் வேர் ஜெர்மனியின் ஸ்டார்ஆபிஸ். அதனால் உள்ளே நிரல் எழுதியவர்கள் போட்டுவைத்த குறிப்புகள் ஏராளமாக ஜெர்மன் மொழியில் கிடந்தன. அவற்றை வரி வரியாக ஆங்கிலத்துக்கு மாற்றவே தன்னார்வலர்களுக்குப் பல வருஷம் ஆனது. வெளியே யாருக்கும் தெரியாத வேலை.

நான் உள்ளே வந்தது ஒரு அசட்டுத்தனத்தால். கணக்கரண்ணனின் பழைய டெலிவரி சலான் கோப்புகளைப் புதுக் கணினியில் திறந்தால், பார்ட்டி பெயர் எல்லாம் ஆங்கில எழுத்தும் குறியுமாக வந்தது. 'தமிழ் வேலை செய்யவில்லை' என்று கோபமாக ஒரு பிழை அறிக்கை போட்டேன். எங்கோ ஒரு நாட்டிலிருந்து ஒருவர் கோப்பைக் கேட்டு வாங்கினார். அது யூனிகோடுக்கு, அதாவது எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீட்டுக்கு, முந்தைய எழுத்துரு, உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துகள்தான், அந்த எழுத்துரு இருந்தால் மட்டுமே தமிழாகத் தெரியும் என்று பொறுமையாக விளக்கிவிட்டு, 'நாட் எ பக்', அதாவது இது பிழையே இல்லை, என்று அறிக்கையை மூடினார். ஒரு பைசா வாங்காதவர், என் சலானைத் தன் கணினியில் திறந்து பார்த்திருக்கிறார்! வெட்கமாகத்தான் இருந்தது. மறுநாளே நானும் மற்றவர்களின் அறிக்கைகளைத் திறந்து பார்க்க ஆரம்பித்தேன்.

வேலை என்னவென்றால், யாராவது பிழை சொன்னால், இன்னொருவர் அதைத் தன் கணினியில் வரவைத்துக் காட்டும்வரை அது 'அன்கன்பர்ம்ட்', அதாவது உறுதியாகாத நிலையிலேயே கிடக்கும். வந்துவிட்டால், எந்த மாற்றத்தால் வந்தது என்று தேட வேண்டும். துணி ரோலில் நீடில் லைன், அதாவது ஊசிக் கோடு, விழுந்தால் எந்த மெஷினில், எந்த ஷிப்டில் ஓட்டியது என்று பின்னால் போய்ப் பார்ப்போமே, அதே மாதிரிதான். மென்பொருளின் பழைய பதிப்புகளைக் கட்டி வரிசையாக வைத்திருப்பார்கள். நடுவில் ஒன்றைத் திறக்கிறேன். பிழை இருந்தால் முந்தைய பாதி, இல்லையென்றால் பிந்தைய பாதி. ஆயிரம் பதிப்பு இருந்தாலும் பத்துத் தடவையில் குற்றவாளி சிக்கிவிடும். அந்தப் பத்தாவது தடவைக்காகத்தான் நான் முழித்திருக்கிறேன் என்று வைத்துக்கொள்ளுங்களேன்.

எரிச்சலும் உண்டு. 'இத்தனை வருஷமாக ஏன் சரிசெய்யவில்லை' என்று அதட்டிவிட்டு, மாதிரிக் கோப்பு கேட்டால் காணாமல் போகிறவர்கள் நிறைய. சேர ஆசை என்றால் நிரல் தெரிந்திருக்க வேண்டியதில்லை. பிழை வருகிற கோப்பை ஒரு பக்கத்துக்குச் சுருக்கித் தரத் தெரிந்தால் போதும்.

அப்புறம் அந்தச் சலான்களை எல்லாம் யூனிகோடுக்கு மாற்றிக் கொடுத்தேன். ஒரு பார்ட்டி பெயரில் மட்டும் 'ழ' எப்படியோ 'ள' ஆகிவிட்டது. கணக்கரண்ணன் அதை இன்னும் எனக்கு மன்னிக்கவில்லை.