அப்பீல் போட்டாச்சு, காசு கிடையாதா?

கேள்வி: விவாகரத்து வழக்கில், வீட்டில் என் பங்காக 180,000 வெள்ளியும், இரண்டு பிள்ளைகளுக்கு மாதம் 1,500 வெள்ளியும் தரும்படி பினாங்கு உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது. எட்டு மாதமாகிறது. முன்னாள் கணவர் புத்ராஜெயாவில் உள்ள மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் மேல்முறையீடு செய்துவிட்டு, "அது முடியும்வரை ஒரு சல்லிக்காசு கிடையாது" என்கிறார். நான் காத்திருக்கத்தான் வேண்டுமா?
– வாசகி, பட்டர்வொர்த்

பதில்: வேண்டியதில்லை, சகோதரி. மேல்முறையீடு செய்துவிட்டதாலேயே தீர்ப்பின் நிறைவேற்றம் நிற்காது. உயர் நீதிமன்றமோ மேல்முறையீட்டு நீதிமன்றமோ தடை உத்தரவு, அதாவது ஸ்டே, கொடுத்தால்தான் நிற்கும். 1964ஆம் ஆண்டு நீதிமன்றச் சட்டத்தின் 73ஆவது பிரிவு சொல்வது இதுதான். "ஸ்டே கேட்டு மனு போட்டிருக்கிறேன்" என்று அவர் சொன்னாலும் மனு வேறு, உத்தரவு வேறு. கோர்ட் கோப்பில் ஸ்டே இருக்கிறதா என்று உங்கள் லாயரைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கூடவே இன்னொன்றையும் கேளுங்கள்: தீர்ப்பை ஆர்டராக வரைந்து, முத்திரை வாங்கி, அவரிடம் சேர்ப்பித்தாயிற்றா? அந்தத் தாள் இல்லாமல் எந்த நடவடிக்கையும் நகராது.

நீங்கள் வசூலில் இறங்கியதும் அவர் ஸ்டேக்கு ஓடுவார். அப்பீலில் ஜெயிப்பேன் என்று சொன்னால் மட்டும் போதாது; 'சிறப்புச் சூழ்நிலை' இருப்பதைக் காட்ட வேண்டும். பெரும்பாலும் அவர் சொல்லப்போவது, "பணத்தைக் கொடுத்தால் செலவழித்துவிடுவாள், நான் ஜெயித்தாலும் திரும்ப வராது" என்பதுதான். அதற்குப் பதிலை இப்போதே தயாராக வையுங்கள்: உங்கள் வேலை, சம்பளம், சொத்து. தேவைப்பட்டால், அப்பீல் முடியும்வரை தொகையை லாயர்களின் பொறுப்பில் வட்டி வரும் கணக்கில் போட்டுவைக்க ஒப்புக்கொள்ளலாம். பணம் அவர் கையை விட்டு வெளியே வருவதே உங்களுக்குப் பாதி வெற்றி.

வசூலில் எதை முதலில் செய்கிறோம் என்பது முக்கியம். அவரைக் கோர்ட்டுக்கு வரவழைத்துச் சொத்து விவரம் விசாரிக்கலாம். ஆனால் அது போருக்கு முன் முரசு கொட்டுவது போல. விசாரணை நாளுக்குள் கணக்கு காலியாகிவிடலாம். அவர் எந்த வங்கியில் பணம் வைத்திருக்கிறார் என்பது விவாகரத்து வழக்கில் அவரே தாக்கல் செய்த வருமான அபிடவிட்டில், அதாவது பிரமாணப் பத்திரத்தில், இருக்கும். அதை வைத்து முதலில் கார்னிஷீ ஆணை, அதாவது அவர் கணக்கில் உள்ள பணத்தை வங்கியே உங்களுக்குத் தரும்படி சொல்லும் ஆணை, கேளுங்கள். அவருக்குச் சொல்லாமலே கேட்கலாம். ஆணை வங்கியின் கைக்குப் போனதும் கணக்கில் உள்ள தொகை முடங்கும். அவர் பெயரில் வீடோ நிலமோ இருந்தால் விற்பனைத் தடை ஆணை வாங்கி நில அலுவலகத்தில் பதிந்துவிடுங்கள். அது ஆறு மாதத்தில் காலாவதியாகும், நீட்டிக்க மறந்துவிடாதீர்கள். சேமநிதிப் பணத்தை மட்டும் இப்படி முடக்க முடியாது.

திவால் நோட்டீஸ் அனுப்பச் சொல்லிச் சிலர் தூண்டுவார்கள். 100,000 வெள்ளிக்கு மேல் கடன் இருப்பதால் வழி இருக்கிறது. ஆனால் அவர் திவாலானால் மற்றக் கடன்காரர்களோடு நீங்களும் வரிசையில் நிற்க வேண்டும். நானாக இருந்தால் அதைக் கடைசியில்தான் தொடுவேன்.

பிள்ளைகளின் மாதத் தொகையைப் பெரிய தொகையோடு சேர்த்துப் போட்டு விடாதீர்கள். அவர் சம்பளக்காரர் என்றால், முதலாளியே பிடித்து அனுப்பும்படி ஆணை வாங்க 1968ஆம் ஆண்டு ஜீவனாம்ச அமலாக்கச் சட்டம் வழி தருகிறது. அதோடு, மூன்று ஆண்டுக்கு மேல் பழைய ஜீவனாம்ச பாக்கியை வழக்குப் போட்டு மீட்க முடியாது. மற்றத் தீர்ப்புத் தொகைக்கு ஆறு ஆண்டுவரை அனுமதி கேட்காமலே நிறைவேற்றத்தில் இறங்கலாம். வட்டி ஆண்டுக்கு 5 விழுக்காடு என்றால் 180,000 வெள்ளிக்கு 9,000 வெள்ளி சேரும். உங்கள் ஆர்டரில் வட்டி பற்றி என்ன எழுதியிருக்கிறது என்று பாருங்கள்.

அப்பீலில் அவர் ஜெயித்தால், வாங்கியதைத் திருப்பிக் கொடுக்க வேண்டிவரும். வீட்டுப் பங்கை வைத்துக் கடை போடுவது, நகை வாங்குவது எல்லாம் புத்ராஜெயா தீர்ப்புக்குப் பிறகு இருக்கட்டும்.

இதைப் படிக்கும் தமிழ் முஸ்லிம் சகோதரிகளுக்கு: உங்கள் வழக்கு ஷரியா நீதிமன்றத்தில் நடப்பதால் மேலே சொன்ன நடைமுறை பொருந்தாது. வாசகிக்குக் கட்டணம் சிரமமென்றால், சட்ட உதவித் துறையையோ வழக்கறிஞர் மன்றத்தின் பினாங்கு சட்ட உதவி மையத்தையோ அணுகலாம். முத்திரையிட்ட ஆர்டர், அப்பீல் நோட்டீஸ், அவருடைய அபிடவிட் மூன்றையும் கையோடு கொண்டுபோங்கள்.